மருத்துவமனைச் சீட்டில் 'சைக்கோசிஸ்' என்று எழுதியிருக்கிறது. எனக்கு நடந்தது என்ன?

நூல்கண்டு
(திங்கள், இரவு 11.40)

வணக்கம். எனக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு மேற்பார்வையாளர். மூன்று மாதத்துக்கு முன்பு 19 நாள் மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில், நோயின் பெயர் எழுதும் இடத்தில் 'சைக்கோசிஸ்' என்று ஒரே ஒரு சொல். மருத்துவர் தன்மையானவர்தான். ஆனால் அறைக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். "மாத்திரையை விடாதீர்கள், நன்றாகத் தூங்குங்கள், மாதம் ஒரு தடவை வாருங்கள்" என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆர்டர் ஒன்று கப்பலேற வேண்டிய நெருக்கடி. பதினெட்டு நாள் தொடர்ந்து இரவு வேலை பார்த்தேன். பகலில் படுத்தாலும் தூக்கம் வரவில்லை. ஆனால் களைப்பே இல்லை. உலகம் முழுவதையும் யாரோ துடைத்து வைத்ததுபோல் அத்தனை தெளிவாக இருந்தது. ஒரு நாள் ஒரு பண்டலைப் பிரித்தேன். சைஸ் ஸ்டிக்கர்கள் எம், எல், எம், எஸ் என்று வரிசை மாறி இருந்தன. வழக்கமாக என்றால் யார் கலந்தது என்று சத்தம் போட்டுவிட்டுப் பிரித்து அடுக்கச் சொல்லியிருப்பேன். அன்று கை நடுங்கியது. எம் என்றால் அம்மா பெயரின் முதல் எழுத்து. எல் என்றால் இறந்துபோன தாத்தா. எஸ் நான். இரண்டு எம்முக்கு நடுவில் தாத்தா இருக்கிறார் என்றால் அம்மாவுக்கு ஏதோ நடக்கப் போகிறது. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பார்த்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் எல்லாமே பேச ஆரம்பித்தன. லாட் எண், பஸ் எண், எதிர் வீட்டுக் கோலத்தின் புள்ளிகள்.

கடைசி ஒரு வாரம் வீட்டுச் சாப்பாட்டில் மருந்து கலக்கிறார்கள் என்று நம்பினேன். என் மாமா குரல் "தொடாதே" என்று தெளிவாகச் சொன்னது. மாமா இருப்பதோ ஓசூரில்.

இப்போது எதுவும் கேட்பதில்லை. ஸ்டிக்கர் ஸ்டிக்கராகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் யாரும் அந்த நாள்களைப் பற்றிப் பேசுவதில்லை. நான் வாயைத் திறந்தால் "அதெல்லாம் விடுப்பா" என்கிறார்கள். அண்ணி தொலைபேசியில் யாரிடமோ "சைக்கோ மாதிரி ஆயிட்டாரு" என்று சொன்னது காதில் விழுந்தது.

மூன்று கேள்விகள் இருக்கின்றன. இதுவும் மனச்சிதைவும் (ஸ்கிசோஃப்ரினியா) ஒன்றா? திரும்ப வருமா? மூன்றாவதுதான் என்னை அதிகம் அரிக்கிறது: அன்று அத்தனை உறுதியாகத் தெரிந்தது எல்லாம் பொய் என்றால், இன்று தெரிவதை நான் எதை வைத்து நம்புவது?

---

இரவுப்பணி
(செவ்வாய், காலை 6.55)

தம்பி, இரவுப் பணி முடிந்து வந்ததும் உங்கள் பதிவைத்தான் படித்தேன். மனநலப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். மருத்துவருக்குப் பதிலாக நான் பேச முடியாது, ஆனால் அந்தச் சொல்லை விளக்க முடியும்.

காய்ச்சல் என்று சொல்கிறோம் இல்லையா, அதுபோல ஒரு சொல் இது. காய்ச்சல் என்றால் உடம்பு சுடுகிறது என்பது மட்டும்தான் தெரியும். டைபாய்டா, டெங்குவா, சாதாரணச் சளியா என்பதை அப்புறம்தான் பார்க்க வேண்டும். சைக்கோசிஸ் என்பதைத் தமிழில் உளப்பிறழ்வு என்று எழுதுகிறார்கள். உள்ளே நடப்பதையும் வெளியே நடப்பதையும் பிரித்தறியும் திறன் கொஞ்ச காலம் கைவிட்டுப் போகிற நிலை. இல்லாத குரல் கேட்பது, யார் சொன்னாலும் அசையாத பொய்யான நம்பிக்கை, பேச்சு கோர்வை இழப்பது, இவைதான் அடையாளம்.

இது எதனாலெல்லாம் வரலாம் என்பது பெரிய பட்டியல். மனச்சிதைவில் வரும். இருதுருவ மனநிலைக் கோளாறில், உச்ச எழுச்சியிலும் வரும், ஆழ்ந்த சோர்விலும் வரும். பிரசவத்துக்குப் பின் வரும். கஞ்சாவால் வரும். தைராய்டு கெட்டாலும், வைட்டமின் பி12 மிகக் குறைந்தாலும், சில வகை வலிப்பு நோயிலும், ஸ்டீராய்டு மருந்தாலும்கூட வரலாம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை மூளை அழற்சி உண்டு. 2007-இல்தான் அதைத் தெளிவாக அடையாளம் கண்டார்கள். அதற்கு முன் அந்த நோயாளிகள் மனநோயாளிகளாகவே பார்க்கப்பட்டிருப்பார்கள். உங்களுக்குச் சேர்ந்தவுடன் ரத்தம் எடுத்து, தலைக்கு ஸ்கேன் எடுத்திருந்தால் இவற்றை விலக்கத்தான்.

ஆகவே முதல் கேள்விக்கு விடை: ஒன்றல்ல. மனச்சிதைவு என்று சொல்லக் கால அளவு பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அறிகுறிகள் குறைந்தது ஒரு மாதமாவது இருக்க வேண்டும். அமெரிக்க வகைப்பாட்டில் ஆறு மாதம். சட்டென்று வந்து, சில வாரங்களில் முழுக்கத் தெளியும் வகை தனியாக இருக்கிறது. நம் நாடு போன்ற இடங்களில் அதை அதிகமாகவே பார்க்கிறோம். உங்கள் மருத்துவர் பெரிய பெயர் எதையும் எழுதாமல் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருப்பது அலட்சியமாக எனக்குத் தெரியவில்லை. பொறுத்துப் பார்க்கிறார். அவசரப்பட்டு ஒட்டிய பெயரைப் பிறகு பிய்த்தெடுக்க முடியாமல் தவிக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணி சொன்ன சொல்லைப் பற்றி. படங்களில் கொலைகாரனுக்கு வைக்கிற பெயர் அது. எங்கள் வார்டில் இருப்பவர்களுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இங்கே வருபவர்களில் பெரும்பாலோர் பயந்துபோய் வருகிறார்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவரைக் கையைப் பிடித்து எழுப்பியிருக்கிறேன். வாழ்நாளில் நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு இப்படி ஒரு காலம் வருகிறது என்று கணக்கிடுகிறார்கள். உங்கள் கம்பெனியில் முந்நூறு பேர் இருந்தால் எண்ணிப் பாருங்கள்.

---

கரிசல்காடு
(செவ்வாய், காலை 9.20)

தம்பி, நான் வயதில் மூத்தவன், கோபித்துக்கொள்ளாதே. பதினெட்டு நாள் தூங்காதவனுக்குப் புத்தி தடுமாறத்தான் செய்யும். அதற்கு ஒரு பெயர் வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை தின்ன வைத்துவிடுவார்கள். என் சித்தப்பா மகன் அப்படித்தான் குண்டாகி, பேச்சுக் குறைந்து, ஆளே மாறிப்போனான். குணசீலம் போ. பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில் ஒரு மண்டலம், 48 நாள் இரு. தீர்த்தம் தெளிப்பார்கள். தெளிந்து வந்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

---

இரவுப்பணி
(செவ்வாய், பிற்பகல் 3.10)

ஐயா, கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அமைதியான இடம், நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், யாரும் ஏளனமாகப் பார்க்காத சூழல். இவை நன்மை செய்யும் என்பதை ஆய்வாளர்களே பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அங்கே தங்கியவர்களின் அறிகுறிகள் ஓரளவு குறைந்திருந்தன. அங்கே இருந்தது ஆதரவான, அச்சுறுத்தாத சூழல் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்ததை என் தலைமுறைச் செவிலியர் யாரும் மறக்க முடியாது. விடியற்காலையில் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். நம்பிக்கையோடு குடும்பங்கள் கொண்டுவந்து விட்ட மனிதர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடை செய்கிறது. அந்தத் தடைக்குப் பின்னால் இந்த 28 பேர் இருக்கிறார்கள்.

மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு தம்பி குணசீலம் போகட்டும். மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம்.

---

வைகைக்கரை
(செவ்வாய், இரவு 8.45)

நூல்கண்டு, உங்கள் மூன்றாவது கேள்விக்காகவே கணக்கு தொடங்கி எழுதுகிறேன். எனக்கு முதல் தடவை வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. எனக்குப் பிறகு மனச்சிதைவு என்றே சொன்னார்கள். மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன்.

"யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, பார்த்த நொடியிலேயே தெரிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். வெளியில் இருப்பவர்களுக்கு அது புரியாது. நாம் தப்பாக யோசித்தோம் என்று நினைக்கிறார்கள். யோசனைக்கு முன்னாலேயே ஒன்று நடந்துவிடுகிறது.

எனக்கு இதை விளங்கவைத்தது ஷிதிஜ் கபூர் என்ற மனநல மருத்துவர் 2003-இல் முன்வைத்த ஒரு விளக்கம். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் ஒன்று இருக்கிறது. கண்ணில் படும் ஆயிரம் பொருள்களில் எது உனக்கு முக்கியம் என்று குறி போடுவது அதன் வேலைகளில் ஒன்று. கூட்டத்தில் யாரோ உங்கள் பெயரைச் சொன்னால் சட்டென்று திரும்புகிறோம் அல்லவா, அந்தக் குறி. சைக்கோசிஸில் அது கட்டுமீறிச் சுரக்கிறது. எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு ஸ்டிக்கர் மேல் "இது உனக்காக" என்ற குறி விழுகிறது. குறி விழுந்துவிட்ட பிறகு, ஏன் என்று காரணம் தேடுவது மனத்தின் கடமை. கிடைத்ததை வைத்து ஒரு கதை கட்டுகிறது. உங்களிடம் இருந்தது அம்மா மேல் பாசம், தாத்தா சாவின் துக்கம். அதை வைத்துக் கட்டியது.

உங்கள் பகுத்தறிவு பழுதுபட்டுப் போகவில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். பொய்யான தந்தி ஒன்று வந்தது, அதை நம்பி வீட்டுக்காரர் ஓடினார். மாத்திரை செய்வது அந்தக் குறி போடும் வேகத்தைக் குறைப்பது. 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்தை முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்த நாளிலிருந்து இன்றைய ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் வரை அடிப்படை இதுதான். கதை உடனே கலைவதில்லை. புதிய குறிகள் விழுவது நிற்கிறது. பழைய கதை மெல்ல மெல்ல வலுவிழக்கிறது. எனக்கு அதற்கு எட்டு மாதம் ஆனது.

மாமா குரல் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் மனத்துக்குள் பேசும்போது "இது நான்தான்" என்ற அடையாளமும் கூடவே போகிறது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பு வராததும் இந்த அடையாளத்தால்தான். அது தவறிப்போனால் நம் பேச்சே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்கும் என்று ஒரு கருத்து இருக்கிறது. தான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் கலிஃபோர்னியாவிலும், கானா நாட்டின் அக்ராவிலும், நம் சென்னையிலும் இடத்துக்கு 20 பேர் என்று குரல் கேட்பவர்களிடம் பேசிப் பார்த்தார். அமெரிக்காவில் பலருக்குக் கேட்டது முகம் தெரியாதவர்களின் வன்மமான குரல். சென்னையில் பலருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்: குளி, சாப்பிடு, அதை எடுத்து வை என்று வேலை ஏவும் குரல். படித்தபோது அழுதுவிட்டேன். எனக்குக் கேட்டது என் அப்பத்தா. "விளக்கை அணைச்சிட்டுப் படு" என்பாள்.

---

பனங்கூடல்
(புதன், அதிகாலை 2.30)

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், லண்டனில் இருக்கிறேன். 2010-இல் எனக்கு இந்த நோய் வந்தது. வெள்ளை வேன் ஒன்று என்னைப் பின்தொடர்கிறது என்று நம்பினேன். கிழமைக்கணக்கில் வெளியே போகவில்லை, யன்னலைத் துணியால் மூடி வைத்தேன்.

எங்கள் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அது என்ன சொல் என்று தெரியும். அங்கே வெள்ளை வேனில் ஆட்களை உண்மையாகவே கொண்டுபோனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. இங்கே முதலில் பார்த்த மருத்துவரிடம் சொன்னபோது அவர் அதை முழுக்க நோய் என்று எழுதினார். என் அக்கா கேட்டபோது முழுக்க உண்மை என்று நம்பி அவவும் யன்னலால் பார்த்தா. இரண்டு பேரும் பாதிதான் சரி.

பிறகு, முதல் தடவை இந்த நோய் வருகிறவர்களுக்கென்று இங்கே உள்ள அரச மருத்துவக் குழு ஒன்றில் சேர்த்தார்கள். மூன்று வருடம் ஒரே ஆட்களே வந்து பார்ப்பார்கள். அதில் ஒரு தாதி மட்டும்தான் என்னிடம் இருந்து முழுக் கதையையும் கேட்டார். "வேன் உண்மை என்றால் வேறு என்ன நடந்திருக்க வேண்டும்? இந்த ஊரில் எத்தனை வெள்ளை வேன் ஓடுகிறது, நாளைக்கு எண்ணிப் பார்ப்போமா?" என்றார். இருவரும் பஸ் தரிப்பிடத்தில் நின்று எண்ணினோம். அரை மணித்தியாலத்தில் முப்பத்தொன்று. குழாய் திருத்துகிறவர்கள், பாண் கொண்டுபோகிறவர்கள். எனக்கு அன்றைக்குத்தான் நெஞ்சு கொஞ்சம் இளகியது. பொய் என்று ஒருவர் சொல்லி நான் விளங்கவில்லை. நானே எண்ணினேன்.

நூல்கண்டு, உங்கள் வீட்டில் கதைக்க மறுக்கிறார்கள் என்றால் பயத்தில் மறுக்கிறார்கள். ஆனால் யாராவது ஒருவரிடம் நீங்கள் கதைத்தே ஆகவேண்டும். கதைக்காமல் விட்டால் அது அப்படியே உள்ளே இருக்கும்.

இன்னொன்றும் எழுதவேண்டும். ஒரு வருடத்தில் சுகம் வந்துவிட்டது என்று குளிசையை நானே நிற்பாட்டினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் நான் செய்தது சரி என்று நினைத்தேன். ஆறாம் மாதம் திரும்ப யன்னலில் துணி. இரண்டாம் முறை தெளிய முதல் முறையைவிட நீண்ட காலம் எடுத்தது.

---

நூல்கண்டு
(புதன், இரவு 10.15)

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வைகைக்கரை அக்கா எழுதியதை நான்கு தடவை படித்தேன். 'பொய்யான தந்தி' என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பனங்கூடல் அண்ணா, நீங்கள் எழுதிய கடைசிப் பத்தி எனக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், போன வாரம் இரண்டு நாள் நான் மாத்திரை போடவில்லை. எடை ஏழு கிலோ ஏறிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் காலுக்குள் எறும்பு ஓடுவதுபோல் ஒரு தவிப்பு. எழுந்து நடக்கிறேன், நடந்தால் படுக்கத் தோன்றுகிறது. அம்மா "மறுபடியும் ஆரம்பிச்சுருச்சா" என்று பயந்துபோய்ப் பார்க்கிறார். எனக்கும் அதே பயம்தான்.

---

இரவுப்பணி
(வியாழன், காலை 7.05)

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: இந்தக் கால் தவிப்பு பெரும்பாலும் மாத்திரையால் வருவது. நோய் திரும்புகிறது என்று குடும்பமே நடுங்கும், சில இடங்களில் மருந்து அளவைக் கூட்டக்கூடச் செய்வார்கள், தவிப்பு இன்னும் அதிகமாகும். அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, தவிப்புக்குத் தனி மாத்திரை சேர்ப்பது என்று மருத்துவரிடம் வழிகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும். "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் நம் ஆட்கள் "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். இதற்கு மாதாந்திரத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். இன்றே தொலைபேசியில் அழைத்து முன்கூட்டியே நேரம் கேளுங்கள். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ, நாக்கு தடித்துப் பேச்சு குழறினாலோ அன்றே போக வேண்டும். உடம்பு விறைத்துக் கடும் காய்ச்சல் வந்தால் நேரே அவசரப் பிரிவு.

எடைக்கும் வழி இருக்கிறது. இந்த மருந்துகளில் சில பசியைத் தூண்டும், சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும். அதனால் ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். பெண்களாக இருந்தால் மாதவிலக்கு நின்றுபோவதும் உண்டு, வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடுவார்கள்.

எத்தனை நாள் மாத்திரை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைப்பீர்கள். முதல் தடவை என்றால் தெளிந்த பிறகும் பொதுவாக ஓரிரு ஆண்டுகள் தொடரச் சொல்வார்கள். பிறகு மெல்ல மெல்லக் குறைத்துப் பார்ப்பார்கள். அந்தக் குறைப்பை அவர் கண் பார்வையில் செய்ய வேண்டும்.

கரிசல்காடு ஐயா, உங்கள் சித்தப்பா மகன் குண்டானதும் பேச்சுக் குறைந்ததும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு மருந்து அளவை யாராவது மறுபடி பார்த்தார்களா? அதே சீட்டைக் காட்டி மருந்துக்கடையிலேயே ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டிருக்கவில்லையே?

---

கரிசல்காடு
(வியாழன், காலை 11.30)

அப்படித்தான் வாங்குகிறார்கள் அம்மா. ஒன்பது வருடமாக அதே சீட்டு. என் சித்தப்பா போன பிறகு சித்திக்கு அவனைக் கூட்டிப்போக ஆள் இல்லை. மாத்திரை மட்டும் ஒழுங்காகக் கொடுக்கிறாள். நான் கூட்டிப்போகிறேன். எங்கே போக வேண்டும்?

---

இரவுப்பணி
(வியாழன், பிற்பகல் 2.40)

உங்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்குப் போங்கள் ஐயா, மனநலப் பிரிவு இருக்கும். பழைய சீட்டுகள், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். போவதற்கு முன் பேச வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையம் இருக்கிறது, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சித்தியையும் கூட்டிப்போங்கள். ஒன்பது வருடம் தனியாகச் சுமந்திருக்கிறார், அவரிடமும் யாராவது நலம் விசாரிக்க வேண்டும்.

---

தொட்டில்_அப்பா
(வியாழன், இரவு 9.00)

இந்த இழையில் பிரசவம் பற்றி ஒரு வரி வந்ததால் எழுதுகிறேன். என் மனைவிக்குக் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள். மூன்று இரவு தூங்கவில்லை. குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றாள். "தூக்கக் குறைவு, காற்றுக் கருப்பு, வேப்பிலை அடி" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என் மாமியார் மட்டும் "இது வேற, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்று ஆட்டோ பிடித்தார். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் என்று பிறகு சொன்னார்கள். இது மட்டும் அவசரம், ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. மூன்று மாதத்தில் முழுக்கத் தெளிந்துவிட்டாள். மகளுக்கு இப்போது நான்கு வயது. அடுத்த குழந்தை என்று நினைத்தால் கருத்தரிக்கும் முன்பே மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், திரும்ப வரும் வாய்ப்பு அதிகமாம். படிப்பவர்களில் யாருக்காவது உதவும்.

---

நூல்கண்டு
(வெள்ளி, இரவு 11.05)

இரவுப்பணி அக்கா, தொலைபேசியில் கேட்டேன். வரும் செவ்வாய் வரச் சொன்னார்கள். கால் தவிப்பு என்றதும் அந்தப் பக்கம் பேசியவருக்கு உடனே புரிந்தது. அதுவரைக்கும் ஒரு வேளை மாத்திரையின் அளவை மாற்றிச் சொன்னார். இன்று கொஞ்சம் பரவாயில்லை.

வேலை பற்றி ஒரு கேள்வி. கம்பெனியில் 'டைபாய்டு' என்று சொல்லியிருக்கிறார் அண்ணன். அப்படியே விட்டுவிடலாமா? வீட்டில் பெண் பார்க்கும் பேச்சும் இருந்தது, அது நின்றுவிட்டது.

---

வைகைக்கரை
(சனி, காலை 8.20)

வேலை இடத்தில் சொல்லியே தீர வேண்டும் என்று இல்லை. நான் என் முதலாளியிடம் மூன்று ஆண்டு கழித்துச் சொன்னேன். இரவு வேலை எனக்கு ஆகாது என்ற ஒன்றை மட்டும் முதல் நாளே சொன்னேன். உங்களுக்கும் அது போதும் என்று நினைக்கிறேன். தூக்கம்தான் உங்கள் கைப்பிடி, அதை விட்டுவிடாதீர்கள்.

திருமணத்தில் என் கருத்து வேறு. மறைக்கக் கூடாது. மறைத்தது பின்னால் நீதிமன்றம் வரை போகும் என்பது ஒரு பக்கம். ஒளித்து ஒளித்து மாத்திரை போட்டு, அகப்பட்டுவிடுவோமோ என்று தூங்காமல் கிடந்து, அதனாலேயே மறுபடி விழுந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டு போகட்டும், இப்போது அதற்கு அவசரம் இல்லை.

பெயர் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சொற்களோடு பிழைப்பு நடத்துபவள் என்பதால் இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கும். 'மனச்சிதைவு' என்ற சொல்லைக் கேட்டால் உடைந்த பானைதான் கண்ணில் வருகிறது. ஜப்பானில் இந்த நோய்க்கு இருந்த பழைய பெயருக்கு 'மனம் பிளந்த நோய்' என்று பொருள். குடும்பங்கள் வேண்டாம் என்று போராடி 2002-இல் அதை மாற்றவைத்தார்கள். கொரியாவில் 2011-இல் புதுப்பெயர் வைத்தார்கள். அதற்குப் பொருள், நரம்பு வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பது. தந்தி தளர்ந்தாலும் அபசுரம், இறுகினாலும் அபசுரம், சேர்த்தால் பாடும். நம்மிடம் யாழுக்கும் வீணைக்கும் எத்தனை சொற்கள் இருக்கின்றன! 1984-இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய சாரதா மேனன் அம்மையார் வாழ்நாள் முழுக்க இந்த நோயாளிகளுக்கு வீடும் வேலையும் மரியாதையும் வேண்டும் என்று உழைத்தார். மரியாதையில் பெயரும் சேர்த்திதானே. யாராவது நல்ல தமிழறிஞர்களும் மருத்துவர்களும் உட்கார்ந்து ஒரு சொல் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் மூன்றாம் கேள்விக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. இன்று தெரிவதை எதை வைத்து நம்புவது? நான் வைத்துக்கொண்ட வழி இது. எனக்கு மட்டும் என்று ஒரு செய்தி வந்தால், அதிலும் சட்டென்று, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் வந்தால், இரண்டு பேரிடம் கேட்பேன். ஒருவர் என் தங்கை, இன்னொருவர் அச்சகத்தில் பக்கத்து மேசைக்காரர். இருவரும் இல்லை என்றால் ஒரு இரவு தூங்கிப் பார்ப்பேன். சந்தேகம் வருவது எனக்கு நல்ல அடையாளம். அந்த நாள்களில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

---

பனங்கூடல்
(சனி, பிற்பகல் 4.50)

அக்கா சொன்ன கடைசி வரியை நானும் அப்படியே உணர்ந்திருக்கிறேன். இன்றைக்கும் வெள்ளை வேனைக் கண்டால் ஒரு கணம் நிற்பேன். அந்தக் கணம் என்னோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், அதில் போனவர்களின் ஞாபகமும் இருக்கிறது.

---

நூல்கண்டு
(திங்கள், இரவு 10.30)

நேற்று அம்மாவிடம் பேசினேன். இந்த இழையை அவருக்குப் படித்துக் காட்டினேன், பாதிதான். அந்தப் 'பொய்யான தந்தி' விஷயம் அவருக்குப் புரிந்தது. "அப்ப உனக்கு என் மேல பயமில்லையா, எனக்கு என்னவோ ஆயிரும்னுதான் பயந்தியா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

பிறகு எனக்கு நினைவில்லாத ஒன்றைச் சொன்னார். மருந்து கலக்கிறார்கள் என்று நான் தட்டைத் தள்ளிய வாரத்தில், தினமும் மூன்று வேளையும் என் எதிரே உட்கார்ந்து, என் தட்டிலிருந்தே முதல் கவளத்தை அவர் சாப்பிட்டுக் காட்டுவாராம். சில நாள் அப்படியும் நான் சாப்பிடவில்லையாம். சில நாள் இரண்டு கவளம் இறங்கியிருக்கிறது. மருத்துவமனையிலும் அப்படியே. ஒரு சண்டையும் போடவில்லை, பொய் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. எனக்கு இவை ஒன்றுமே நினைவில்லை. ஸ்டிக்கர் வரிசை மட்டும் அச்சடித்ததுபோல் நினைவிருக்கிறது.

அண்ணி பற்றி எழுதியது வருத்தமாக இருக்கிறது. மருத்துவமனைப் பணத்துக்கு நகையை வைத்தது அவர்தான் என்று நேற்றுதான் தெரிந்தது. அந்தச் சொல் அவருக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வந்திருக்கலாம். சரியான சொல்லை நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நாளை மருத்துவரிடம் போகிறேன். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதியிருக்கிறேன்: கால் தவிப்பு, எடை, தைராய்டு பார்த்தார்களா, எத்தனை நாள் மாத்திரை, எப்போது வேலைக்குப் போகலாம். அம்மாவும் உள்ளே வருகிறார். வேறு ஏதாவது விட்டுவிட்டேனா?

---

இரவுப்பணி
(திங்கள், இரவு 10.50)

பணிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். தாளை மருத்துவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், அவர் படித்துக்கொண்டே பதில் சொல்வார். அந்த இரண்டு நாள் மாத்திரை விட்டதையும் அதில் எழுதிவிடுங்கள், திட்ட மாட்டார். சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க ரத்தம் எடுப்பார்கள், காலையில் வெறும் வயிற்றோடு போங்கள். அம்மாவுக்கு ஒரு டிபன் டப்பா எடுத்துப் போங்கள், நேரமாகும்.